தாரணியின் சைக்கிளுக்கு இரண்டு பிரேக்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
5-10-2006

சம்பந்தி அவர்களுக்கு ஜகதாம்பாள் எழுதிக்கொண்டது.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன் பிரகாஷ், அவன் பெண்டாட்டி வீணா, மாடியில் குடியிருக்கும் டோரீன், நம் பேத்தி தாரணி, அப்புறம் நீங்கள். ஆறு பேர். எதிர்வீட்டு லட்சுமம்மா சுண்டல் வாங்கிக்கொண்டு வாசலோடு போய்விட்டாள், அவளைச் சேர்க்கவில்லை. ஆயுத பூஜை, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால். நீங்கள் நீலக் கோடு போட்ட சட்டை. மூன்று வடை சாப்பிட்டீர்கள். நான்காவதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே போனதும் எடுத்துக்கொண்டீர்கள்.

போனிலேயே பேசியிருக்கலாம். போனில் பேசினால் நாளைக்கு நான் அப்படிச் சொல்லவேயில்லை என்பீர்கள். காகிதத்தில் இருந்தால் யாரும் மாற்ற முடியாது. நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

சைக்கிளோடு வந்த ரப்பர் பிரேக் சேற்றில் பிடிக்காது, மலைப் பந்தயத்துக்கு டிஸ்க் பிரேக்தான் வேண்டும் என்று தாரணி சொன்னது ஆடி மாதம். என் மகன் தாய்மாமன். இது என் சீர் என்று சொல்லி கேபிள் வைத்த டிஸ்க் பிரேக் வாங்கிப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தான், விஜயதசமி அன்று மாட்டுவதாக. நீங்கள் சனிக்கிழமை மத்தியானம் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து இறங்கினீர்கள், கையில் இன்னொரு பெட்டி, ஆயில் பிரேக். பிரகாஷ் கம்பெனியிலிருந்து வருவதற்குள் முன்னும் பின்னும் மாட்டி முடித்துவிட்டீர்கள். அவன் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தானாக நடந்து போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டதா?

"கேபிள்னா இழுக்கும், நீளும், துரு ஏறும் சம்பந்திம்மா. ஆயில் அப்படி இல்ல. வெரலு வெச்சா நிக்கும்" என்றீர்கள். ரயிலையே நிறுத்தினவர் சொல்கிறார் என்று நானும் சும்மா இருந்தேன்.

நின்ற லட்சணத்தைக் கேளுங்கள். பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில், லிங்கராஜபுரம் இறக்கத்தில் தாரணி பிரேக்கைப் பிடித்திருக்கிறாள். வண்டி நிற்கவில்லை, அலறியிருக்கிறது. கீழே சின்னப்பா என்ற ஒருவர் பூஜைக்கு விற்று மீந்த பூசணிக்காயையும் வாழைக்கன்றையும் ரோட்டோரம் குவித்து வைத்திருந்தார். அதற்குள் போய் விழுந்தாள். அவர்தான் வீட்டுக்குக் கூட்டி வந்து விட்டார். "பொண்ணு மெத்தையில படுத்த மாதிரி படுத்துச்சும்மா. அடி எல்லாம் என் பூசணிக்குத்தான்" என்றார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அந்த இடத்தில் பூசணிக்குப் பதில் பஸ் நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன், நேரில் வந்திருப்பேன்.

சக்கரத்தோடு சுற்றுகிற, பிரேக் பிடிக்கிற அந்த வட்டத் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். வழவழ என்றிருக்கிறது. உங்கள் ஆயில் பிரேக் தன் ஆயிலைத் தானே கக்கிவிட்டது. பிரகாஷின் கேபிள் பிரேக்கை மாட்டப் போகிறோம். உங்கள் மகனும் என் மகளும் மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, பந்தயப் பாரத்தில் கையெழுத்துப் போடும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். நவம்பர் முப்பதுக்குள் போட வேண்டும். எனக்கு நம்பிக்கை வருகிற பிரேக் இல்லாமல் பேனாவைத் தொட மாட்டேன்.

ஜகதாம்பாள்


ஜோலார்பேட்டை
9-10-2006

சம்பந்தி அம்மா அவர்களுக்கு ஸ்ரீகண்டனின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. குழந்தைக்குப் பெரிய அடி இல்லை என்று படித்த பிறகுதான் மற்ற வரிகளைப் படித்தேன்.

வடை விஷயம் உண்மை. பெட்டி விஷயமும் உண்மை. மாட்டுவதற்குத் தரையில் இடம் போதவில்லை, தள்ளி வைத்தேன். பிரகாஷிடம் என் சார்பில் மன்னிப்புச் சொல்லவும். அவன் வருகிற வரைக்கும் நான் பொறுத்திருக்க வேண்டும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் சில கேள்விகள். முப்பத்திரண்டு வருஷம் ரயில் பெட்டிகளின் பிரேக் வேலை பார்த்தவன், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆயில் பிரேக்கின் ஆயில் வெறும் இரண்டு ஸ்பூன்தான் இருக்கும். அது கசிந்தால் லீவர் தொளதொளவென்று கைப்பிடி வரைக்கும் போய்விடும். லீவர் அப்படிப் போகிறதா? சைக்கிள் நின்ற இடத்தில் தரையில் சொட்டு இருந்ததா? குழாயின் மேல் ஈரம் உண்டா? இல்லை என்றால் ஆயில் உள்ளேதான் இருக்கிறது. தகட்டில் இருப்பது வெளியிலிருந்து வந்த எண்ணெய்.

தயவுசெய்து தகட்டை ஒரு தடவை முகர்ந்து பார்க்கவும். பிரேக் ஆயிலுக்குச் சமையலறை வாசனை இருக்காது.

பூஜையன்று சைக்கிளின் மேல் யாராவது எண்ணெய் தொட்டார்களா என்று நினைவுபடுத்திப் பார்த்தால் நல்லது. உங்களுக்கு மறதி என்பதே கிடையாது, அதனால்தான் கேட்கிறேன்.

தங்கள்,
ஸ்ரீகண்டன்


ஜீவனஹள்ளி
16-10-2006

சம்பந்தி அவர்களுக்கு,

லீவர் தொளதொளக்கவில்லை. தரையில் சொட்டு இல்லை. குழாய் காய்ந்துதான் இருக்கிறது. முகர்ந்து பார்க்க முடியவில்லை, எனக்கு ஜலதோஷம்.

ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் உங்கள் பிரேக்கைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினான். பெட்டியில் புதுத் தகடும் இருந்தது. "வட்டத் தகடு ஏற்கனவே மாட்டியிருக்குதும்மா. ரெண்டும் ஒரே சைஸு, ஆறு ஸ்குரூ. அதையே விட்டுடலாம்" என்று சொல்லி, பிடிக்கிற பாகத்தையும் கேபிளையும் மட்டும் மாற்றினான். தெருவிலேயே ஓட்டிப் பார்த்தோம். பிரகாஷ் பக்கத்திலேயே ஓடினான். முதல் நாலு தடவை நின்றது. அப்புறம் பிடிக்கப் பிடிக்க வழுக்க ஆரம்பித்து, கடைசியில் அதுவும் அலறியது. மாடியிலிருந்து டோரீன் எட்டிப் பார்த்து, "யாரைம்மா அறுக்குறீங்க, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா" என்றாள்.

ஆக, உங்கள் பிரேக்கும் சரியில்லை, என் மகன் பிரேக்கும் சரியில்லை. இதில் உங்களுக்குச் சந்தோஷம் இருந்தால் ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் யார் தொட்டது என்று கேட்டீர்கள். வீணாவை விசாரித்தேன். சந்தனம் குங்குமம் வைத்தது அவள்தான். "நான் பொட்டு மட்டும்தான் வெச்சேன் அத்தே. அதுவும் ஹேண்டில்பார்ல. தொடச்சது யாருன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள். அந்த விசிறியில் அப்படி என்ன இருக்கிறதோ. தாரணியைக் கேட்டால், "நான்தான் ஆயா லேட்டா புடிச்சேன். பிரேக்கு மேல தப்பு இல்ல, விடுங்க" என்கிறாள்.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஆயிலும் வேண்டாம், கேபிளும் வேண்டாம், பந்தயமும் வேண்டாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். "சரி ஆயா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து அல்சூர் ஏரி வரைக்கும் போய் வருகிறவள், இன்றைக்கு ஏழு மணி வரைக்கும் போர்வைக்குள் இருந்தாள்.

தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறேன். அதற்கும் பிரேக்குக்கும் சம்பந்தம் இல்லை.

ஜகதாம்பாள்


ஜோலார்பேட்டை
24-10-2006

சம்பந்தி அம்மா அவர்களுக்கு வணக்கம்.

முறுக்கு முழுசாக வந்து சேர்ந்தது. என் இளைய மகன் வீட்டுப் பிள்ளைகள் எனக்கு இரண்டு மிச்சம் வைத்தார்கள்.

இரண்டு வேறு வேறு பிரேக், இரண்டும் ஒரே மாதிரி அலறுகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவாக இருந்தது எது என்று பார்க்க வேண்டும். தகடு. அதன் மேல் எண்ணெய் ஒரு துளி பட்டாலும் போதும். அதைப் பிடிக்கிற பேட் எண்ணெயைக் குடித்துவிடும். குடித்த பேட்டைக் கழுவினாலும் காய வைத்தாலும் பிரயோஜனம் இல்லை, தூக்கித்தான் போட வேண்டும். பிரகாஷின் புதுப் பேட்டும் பழைய தகட்டைத் தொட்டுத்தான் கெட்டது.

இனிமேல் சுற்றி வளைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை. எண்ணெய் தொட்டது யார் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். மூன்று அடி தூரத்தில் வடைத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நல்லெண்ணெய்க் கிண்ணமும் கிழிந்த வேட்டித் துணியுமாக அரிவாள்மனை, தையல் மெஷின், பிரகாஷின் ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு சைக்கிளுக்கு வந்தீர்கள். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் கண் முன்னால் வந்தது நம் பிள்ளைகள் கல்யாணம். எண்பத்து நாலாம் வருஷம், பந்தியில், பாயசம் அடிப்பிடித்திருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். ஆறு வருஷம் நீங்கள் என்னோடு பேசவில்லை. தாரணி அண்ணன் பிறந்தபோது என்னைப் பார்த்து, "வந்தவருக்குத் தண்ணி குடுங்க" என்று சுவரிடம் சொன்னீர்கள்.

வாயை மூடிக்கொண்டேன். ஊருக்குக் கிளம்புவதற்குள் தனியாக ஒரு ஸ்பிரிட் துணியால் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வண்டிக்கு நேரமாகிவிட்டது, மறந்துவிட்டேன். ரயில் வேலையில் இப்படி மறந்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். குழந்தை விழுந்ததில் உங்களுக்குப் பங்கு ஒன்று என்றால் எனக்கு இரண்டு.

பார்சலில் புதிய பேட் வைத்திருக்கிறேன். முன்னுக்கும் பின்னுக்குமாக ஆயில் பிரேக்குக்கு இரண்டு ஜோடி, பிரகாஷின் கேபிள் பிரேக்குக்கு இரண்டு ஜோடி. சென்னையில் சொல்லி வரவழைத்தது. அவன் பெட்டியில் இருக்கிற புதுத் தகடுகளை மாட்டச் சொல்லுங்கள். இரண்டு பிரேக்கையும் நீங்களே பிடித்துப் பார்த்து, எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். கேபிள் என்றால் கேபிள். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பந்தயம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தங்கள்,
ஸ்ரீகண்டன்


ஜீவனஹள்ளி
7-11-2006

சம்பந்தி அவர்களுக்கு,

பதில் எழுத இரண்டு வாரம் ஆனது. முதல் வாரம் கோபம். இரண்டாவது வாரம் ஜலதோஷம், இந்தத் தடவை நிஜமாகவே.

பாயசம் அடிப்பிடித்திருந்தது. எனக்கு அன்றைக்கே தெரியும். சமையற்காரனை மாற்ற நேரமில்லை என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது நாற்பது பேர் நடுவில் நீங்கள் சொன்னீர்கள். தனியாக வந்து சொல்லியிருந்தால் ஆறு வருஷம் ஆகியிருக்காது. ஆறு மாதம் ஆகியிருக்கும்.

ஆமாம், எண்ணெய் போட்டது நான்தான். தகடு ஓட்டை ஓட்டையாகப் பூ வெட்டின மாதிரி அழகாக இருந்தது. பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பு, மழைக்காலம், துருப்பிடித்துவிடுமே என்று இரண்டு பக்கமும் தடவினேன். ஓட்டைக்குள்ளும் துணியைத் திரித்து விட்டுத் துடைத்தேன். நாற்பது வருஷமாக இந்த வீட்டில் ஒரு கத்திகூடத் துருப்பிடித்ததில்லை. வண்டியை நிறுத்த வேண்டிய சாமானுக்கு எண்ணெய் ஆகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதே மனசுக்குள் உறுத்தியது. உறுத்தினதால்தான் அவ்வளவு நீளமாக எழுதினேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். பிரகாஷ் தன் புதுத் தகடுகளை இரண்டு சக்கரத்திலும் போட்டான். முன்னால் உங்கள் ஆயில் பிரேக், பின்னால் அவன் கேபிள் பிரேக், இரண்டிலும் புதுப் பேட். ஸ்பிரிட்டால் துடைத்தான். என்னைச் சமையலறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்றான், கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிய பிறகுதான் விட்டான். இரண்டும் நன்றாக நின்றன. அலறல் இல்லை. தாரணியிடம் எது வேண்டும் என்று கேட்டேன். "எதுவானாலும் சரி ஆயா" என்றாள். தாத்தாவையும் மாமாவையும் நோகடிக்கக் கூடாதாம். பிரகாஷைக் கேட்டால் கேபிள். உங்களைக் கேட்டால் ஆயில். கடைசியில் நானே சைக்கிளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

என் விரல் முட்டி எப்படி வீங்கியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சக்கரத்தைத் தூக்கி வீணா சுற்றிவிட்டாள். கேபிள் லீவரை ஒரு விரலால் பிடித்தேன், சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு விரல், மெதுவானது. மூன்று விரலும் சேர்த்து இழுத்த பிறகு நின்றது, வலி முழங்கை வரைக்கும் போனது. அப்புறம் உங்கள் லீவர். ஆள்காட்டி விரலை வைத்தேன். அவ்வளவுதான். கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம் மெதுவாகிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நிற்கிறது. நான் எவ்வளவு நினைக்கிறேனோ அவ்வளவுதான் பிடிக்கிறது. பத்து தடவை செய்து பார்த்தேன். "போதும் அத்தே, என் கை வலிக்குது" என்றாள் வீணா.

மலையிலிருந்து இறங்க ஒன்பது நிமிஷம் ஆகுமாம். ஒன்பது நிமிஷமும் கை லீவரிலேயே இருக்குமாம். மூன்று விரலால் பிரேக் பிடித்தால் ஹேண்டிலைப் பிடிக்க எத்தனை விரல் மிச்சம் இருக்கும் என்று நான்தான் கணக்குப் போட்டேன்.

ஆயில்தான் என்று சொல்லிவிட்டேன். முன்னாலும் பின்னாலும். பெற்ற பிள்ளை முன்னால் நின்றுகொண்டு சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. "நான் வாங்குனதுன்னாலே உனக்கு ஆகாது" என்றான். "உன் தகடுதாண்டா சுத்தப் போவுது. அவரு பிரேக்கு புடிக்கிறதே உன் தகட்டைத்தானே" என்றேன். ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அப்புறம் கேபிள் பிரேக்கைத் தன் சைக்கிளில் மாட்ட முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தான். முடியாதாம். ஆனாலும் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பந்தயம் டிசம்பர் பதினேழு. நீங்கள் வர வேண்டும்.

ஜகதாம்பாள்


ஜோலார்பேட்டை
2-12-2006

சம்பந்தி அம்மா அவர்களுக்கு வணக்கம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு விரல் பத்தியை மட்டும் நாலு தடவை.

என்னால் வர முடியாது. வலது கண்ணில் புரை, பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டார்கள். தள்ளிப்போடக் கேட்டேன். டாக்டர் அம்மா, "பேத்தி ரேஸைப் பாக்கணும்னாதான் தாத்தா கண்ணு வேணும்" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

அதனால் ஒரு உதவி. பந்தயத்தன்று நடந்ததை எனக்கு எழுத வேண்டும். பிரகாஷ் எழுதினால் "நல்லபடியாக முடிந்தது" என்று ஒரு வரி எழுதுவான். நீங்கள் எழுதினால் நான் அங்கே நின்ற மாதிரி இருக்கும்.

பந்தயத்துக்கு முன்னால் பொட்டு வைப்பதாக இருந்தால் ஹேண்டில்பாரில் வைக்கவும். இதைத் தனியாகத்தான் சொல்கிறேன். நாற்பது பேர் நடுவில் அல்ல.

தங்கள்,
ஸ்ரீகண்டன்


ஜீவனஹள்ளி
20-12-2006

சம்பந்தி அவர்களுக்கு,

கண் கட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்று போனில் உங்கள் இளைய மகன் சொன்னான். இதை நீங்களே படியுங்கள், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

நந்தி மலைப் பக்கம் ஒரு குன்று. டோரீன் ஏற்பாடு செய்த வேனில் நாலு மணிக்கே கிளம்பினோம். பனி. பெண்பிள்ளைகள் பதினான்கு பேர். எல்லோருக்கும் தலையில் சட்டி மாதிரி தொப்பி, எது நம் பிள்ளை என்று நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தாரணி முப்பத்தொன்று. பொட்டு ஹேண்டில்பாரில் வைத்தேன். தகட்டுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றேன், பிரகாஷ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவில் நான் குடையோடு நின்றேன். அங்கே நிற்கக் கூடாது என்று கொடி வைத்திருந்தவர் சொன்னார். "எங்க சம்பந்திக்கு எழுதணும்பா" என்றேன், விட்டுவிட்டார். முதலில் நாலு பேர் போனார்கள். ஐந்தாவதாக ஒரு பெண், பேர் சௌம்யா என்று அப்புறம் தெரிந்தது, வளைவில் சறுக்கிக் குறுக்கே விழுந்தாள். அவளுக்குப் பின்னாலேயே முப்பத்தொன்று. சேறு, சரளைக்கல், இறக்கம். நான் கண்ணை மூடவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டுமே. வலது கையைத்தான் பார்த்தேன். ஆள்காட்டி விரல் ஒன்று நீண்டு லீவர் மேல் இருந்தது, மற்ற விரல் எல்லாம் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்தன. வண்டி வாலை ஆட்டவில்லை, அலறவில்லை. விழுந்தவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அப்புறம் இவள் இறங்கி, அவளைத் தூக்கி நிறுத்தி, அவள் சைக்கிள் செயினையும் மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அதற்குள் மூன்று பேர் தாண்டிப் போய்விட்டார்கள். எட்டாவதாக வந்தாள். பரிசு இல்லை. பிரகாஷ் விசில் அடித்ததில் கொடிக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தகட்டைப் பற்றிப் பக்கத்தில் நின்ற நாலு பேரிடம் சொல்லிவிட்டான். பிரேக் யாருடையது என்று நான் சொன்னேன்.

திரும்பி வரும்போது அந்த சௌம்யாவும் எங்கள் வேனில் ஏறிக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தேன், தூங்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். பிரேக் எப்படி அவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்று அவள் கேட்டாள். தாரணி சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"தகட்டுல எண்ணெ படக் கூடாதுடி. எங்க ஆயா பூஜைக்கு நல்லா தடவிட்டாங்க. அன்னிக்கே பாத்தேன், பிசுபிசுன்னு இருந்துச்சு. சொன்னா தாத்தா முன்னாடி ஆயாவுக்கு அசிங்கமாயிடும்னு துணியால தொடச்சிட்டு எடுத்துட்டுப் போனேன். எண்ணெ போவலன்னு லிங்கராஜபுரம் எறக்கத்துலதான் தெரிஞ்சுது."

"அப்போ ஆயா கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"அவங்களுக்கே தெரியட்டும்னு விட்டேன். ரேஸ் இல்லன்னாலும் பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஆயா தலகுனிஞ்சி நான் பாத்ததே இல்ல."

வீடு வந்து சேரும் வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

மூன்று நாளாக யோசித்துப் பார்த்தேன். விசிறியைப் பார்த்த வீணாவை மன்னித்தாயிற்று, மாமியாரைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பழைய தகட்டையே விட்ட பிரகாஷை மன்னித்தாயிற்று. உங்களை மன்னித்ததை எழுத்தில் கொடுக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிடிக்காத பிரேக்கோடு இறக்கத்தில் போய், பூசணிக் குவியலில் விழுந்து எழுந்து வந்து, "நான்தான் லேட்டா புடிச்சேன்" என்று என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லி, கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் "சரி ஆயா" என்று தட்டைக் கழுவி வைத்தாளே ஒருத்தி. ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து பழகின பந்தயத்தை என் தலை நிமிர்ந்திருக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கப் பார்த்தாளே. பதினேழு வயசு. என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி நானா கேட்டேன்? நேற்று அவளுக்குப் பிடித்த கத்திரிக்காய் வதக்கும்போதும் எனக்குக் கோபம் தீரவில்லை. மற்ற எல்லாரையும் மன்னித்துவிட்டேன், இந்த ஒருத்தியை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்: தாரணி.

ஜகதாம்பாள்